துப்பாக்கிக் குண்டும் காலித் தோட்டாவும்: வேலூர் பக்கத்து வழக்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வரும் துப்பாக்கி வழக்குகளில் பிஸ்டலும் ரிவால்வரும் அபூர்வம். ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஆலங்காயம் பக்கத்து மலையடிவாரத்திலோ பேரணாம்பட்டு காட்டோரத்திலோ பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிதான் அதிகம். வழக்கில் மாட்டியவர்களும், அவர்கள் வீட்டாரும், புதிதாகப் பட்டி கட்டிய ஜூனியர் வக்கீல்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஆய்வகத்து ஆள் இல்லை. ஆய்வக அறிக்கையை வைத்துக் குறுக்கு விசாரணை செய்கிற ஆள். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சுட்ட குண்டைப் பார்த்து, இன்ன துப்பாக்கியிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட முடியுமா?

பல நேரம் முடியும், எப்போதும் முடியாது. ரைஃபிள், பிஸ்டல், ரிவால்வர் ஆகியவற்றின் குழாய்க்குள் திருகுபோல வளைந்து செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு சுழன்றுகொண்டே போனால்தான் தடுமாறாமல் நேராகப் போகும் என்பதால் இந்த ஏற்பாடு. குண்டு குழாயை இறுக்கமாக உரசிக்கொண்டு போவதால் அந்தப் பள்ளமும் மேடும் அதன் உடம்பில் பதிந்துவிடும்.

பதிந்ததை இரண்டு கட்டமாகப் படிப்பார்கள். முதலில் பள்ளம் எத்தனை, திருகு வலப்பக்கமா இடப்பக்கமா, அகலம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நம்மூர் போலீஸ் வெகுகாலம் தோளில் சுமந்த .303 லீ என்ஃபீல்டு ரைஃபிளில் வழக்கமாக ஐந்து பள்ளம், இடப்பக்கத் திருகு. கோல்ட் ரிவால்வர் என்றால் ஆறு, இடப்பக்கம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்றால் ஐந்து, வலப்பக்கம். இவ்வளவில் துப்பாக்கியின் வகைதான் தெரியும், அந்த வகையில் எத்தனையோ லட்சம் துப்பாக்கி உலகத்தில் இருக்கும்.

அடுத்த கட்டம்தான் ஆளைப் பிடிப்பது. குழாயைக் குடைந்த கருவியின் தேய்மானம், பிற்பாடு ஏறிய துரு, சுத்தம் செய்த கம்பி விட்டுப்போன கீறல் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு குழாய்க்கும் தனியான நுண்கோடுகளைத் தருகின்றன. அந்தக் கோடுகள் ஒத்துப்போனால்தான் “இந்தத் துப்பாக்கிதான்” என்று எழுதுவார்கள். அறிக்கையில் “இவ்வகைத் துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டிருக்கலாம்” என்று இருந்தால் முதல் கட்டத்தோடு நின்றுவிட்டார்கள் என்று பொருள். இந்த இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசத்தில் வழக்கே மாறிப்போகும். முதலில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

நாட்டுத் துப்பாக்கியில் அந்தத் திருகே கிடையாதே. அப்புறம் என்ன ஒப்பிடுவார்கள்?

நம் பகுதி வழக்குகளின் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

மலையில் பிடிபடும் துப்பாக்கி போலீஸ் ஆவணத்தில் “எஸ்.பி.எம்.எல்.” என்று எழுதப்படும். ஒற்றைக் குழல், வாய்ப்பக்கமாகக் கெட்டிப்பது. குழாயின் வாய் வழியே கரிமருந்து, அதன் மேல் துணியோ தேங்காய் நாரோ காகிதமோ அடைப்பு, அதன் மேல் ஈய ரவை அல்லது பழைய சைக்கிள், வண்டி பேரிங்கிலிருந்து எடுத்த பால்ரஸ், மறுபடி அடைப்பு. குழாயின் உட்புறம் வழவழவென்று இருக்கும். ரவைகள் குழாயைவிட ரொம்பச் சிறியவை, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போகும். அவற்றின் மேல் அந்தக் குழாயின் அடையாளம் என்று சொல்லத்தக்க எதுவும் பதியாது. தோட்டாவே கிடையாது என்பதால் காலிக் கூடும் விழாது. ஆக, “செத்தவர் உடம்பில் கிடைத்த ரவை இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தது” என்று எந்த நிபுணரும் ரவையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. யாராவது சொல்லியிருந்தால் குறுக்கு விசாரணைக்கு நல்ல வாய்ப்பு.

அதற்காக ஆய்வகத்துக்கு வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். முதலில், இது சுடக்கூடிய நிலையில் உள்ள துப்பாக்கிதானா என்று பார்ப்பார்கள். குழாய்க்குள் கரிமருந்து எரிந்த கசடு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். உடம்பில் கிடைத்த ரவையின் அளவு, எடை, உலோகம் ஆகியவற்றை வீட்டில் கைப்பற்றிய ரவையோடு ஒப்பிடுவார்கள். ஈயமா எஃகா என்பதே ஒரு செய்தி. அடைப்புத் துணி கிடைத்தால் அது பெரிய சொத்து. கிழித்த துணியின் ஓரம், வீட்டில் கிடந்த மீதித் துணியோடு இழைக்கு இழை பொருந்தலாம். காகிதம் என்றால் கிழிந்த விளிம்பும் அதிலுள்ள அச்செழுத்தும் பேசும். அடைப்பு பெரும்பாலும் அருகிலேயே விழும், நெருக்கத்தில் சுட்டால் காயத்துக்குள்ளேயே போய்விடும். சம்பவ இடத்தில் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டு வருவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு.

கடைசியாக, ரவை எவ்வளவு பரந்து பட்டிருக்கிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணிப்பார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு ஆலைக் கணக்கு எதுவும் கிடையாது. மருந்தும் ரவையும் கைக்கு வந்தபடி போடுவதுதான். அதே துப்பாக்கியில் அதேபோலக் கெட்டித்துச் சுட்டுப் பார்த்தால் ஒழிய அந்தக் கணிப்பை இறுக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காலித் தோட்டா கிடைத்தால் என்ன பயன்?

குண்டைவிட அதிகப் பயன். குண்டு எலும்பிலோ சுவரிலோ பட்டு நசுங்கும். பித்தளைக் கூடு பெரும்பாலும் முழுசாகவே கிடைக்கும். சுடும்போது ஃபயரிங் பின் அதன் அடியில் குத்துகிறது. வெடித்த அழுத்தத்தில் கூடு பின்னால் இடித்து, துப்பாக்கியின் பின்தட்டில் உள்ள கீறல்களை வாங்கிக்கொள்கிறது. கூட்டை இழுத்து வெளியே தள்ளும் கொக்கியும் தன் தழும்பை விடுகிறது. வழவழப்பான குழாய் கொண்ட 12 போர் துப்பாக்கியாக இருந்தாலும் இவை கிடைக்கும். உள்ளூரில் கடைந்து செய்த கைத்துப்பாக்கி என்றால் இன்னும் தெளிவாகவே கிடைக்கும், ஏனென்றால் அரத்தால் ராவிய ஃபயரிங் பின் ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

1958இல் உச்ச நீதிமன்றம் முடித்த கலுவா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். உத்தரப் பிரதேசத்தில் கட்டிலில் படுத்திருந்தவரைச் சுட்டுவிட்டார்கள். கட்டிலருகே கிடந்த காலித் தோட்டா, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) எடுத்துக்கொடுத்த நாட்டுக் கைத்துப்பாக்கியில் சுடப்பட்டது என்று நிபுணர் சொன்னார். தண்டனை நிலைத்தது.

கூட்டின் அடியில் உள்ள எழுத்தையும் பாருங்கள். கே.எஃப். என்று பொறித்திருந்தால் புனே பக்கத்துக் கட்கி தொழிற்சாலையில் செய்தது.

12 போர், .303, 9 எம்.எம். என்பதெல்லாம் என்ன கணக்கு?

.303 என்பது அங்குலக் கணக்கு, 9 எம்.எம். மில்லிமீட்டர் கணக்கு. 12 போர் மட்டும் பழைய எடைக் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழாயில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர், ஏறக்குறைய 18.5 மி.மீ. எண் கூடினால் குழாய் சிறுக்கும். போலீஸ் வைத்திருந்த .410 மஸ்கட்டுக்கு இது பொருந்தாது, அது மறுபடி அங்குலம்.

ஆய்வகம் எங்கே இருக்கிறது? அங்கே என்னதான் செய்கிறார்கள்?

தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு வேலூரில் வட்டார ஆய்வகம் உண்டு. ஆனால் துப்பாக்கி சம்பந்தப்பட்ட பொருள்கள் பெரும்பாலும் சென்னை மயிலாப்பூர், காமராஜர் சாலையில் உள்ள தலைமை ஆய்வகத்தின் குண்டியல் பிரிவுக்குத்தான் போகும்.

அங்கே கைப்பற்றிய துப்பாக்கியைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ பஞ்சு அடைத்த பெட்டிக்குள்ளோ சுடுவார்கள். குண்டு நசுங்காமல் கிடைக்கும். அந்தச் சோதனைக் குண்டு ஒரு பக்கம், வழக்குக் குண்டு மறுபக்கம் என்று ஒப்பீட்டு நுண்ணோக்கியில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பார்கள். இரண்டு நுண்ணோக்கியை ஒரு பாலத்தால் இணைத்து, ஒரே கண்ணாடியில் பாதி இது, பாதி அது என்று காட்டும் கருவி அது. நடுக்கோட்டைத் தாண்டி ஒரு குண்டின் கோடு அடுத்த குண்டில் தொடர்கிறதா என்பதுதான் பார்வை. 1920களில் அமெரிக்காவில் கால்வின் காடர்டும் அவர் கூட்டாளிகளும் இதைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்ற வழக்கில்தான் அது பெயர் வாங்கியது. இந்தியாவில் 1930இல் கல்கத்தா போலீஸ் இதற்கென்று ஒரு சிறிய ஆய்வகம் வைத்தது.

அந்தத் துப்பாக்கியில் எத்தனை சோதனைக் குண்டு சுட்டார்கள், நுண்ணோக்கிப் படம் இருக்கிறதா, இரண்டாவது நிபுணர் தனியாகப் பார்த்தாரா என்று அறிக்கையில் தேடுங்கள். படம் இல்லாத அறிக்கையை எனக்குப் பிடிக்காது.

என் தம்பி கையில் வெடிமருந்துத் தடயம் இருந்ததாம். அவன்தான் சுட்டான் என்று ஆகிவிடுமா?

ஆகாது. தோட்டாவின் அடியில் உள்ள பிரைமர் வெடிக்கும்போது ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் உருகி, கண்ணுக்குத் தெரியாத உருண்டைத் துகள்களாகப் படியும். பெரும்பாலானவை பத்து மைக்ரானுக்கும் குறைவு. ஒட்டும் பட்டையால் கையைத் தொட்டெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரே துகளில் மூன்றும் இருக்கிறதா என்று தெரியும்.

இருந்தால் என்ன பொருள்? சுட்டிருக்கலாம். சுட்டவன் பக்கத்தில் நின்றிருக்கலாம். சுட்ட துப்பாக்கியைத் தொட்டிருக்கலாம். துப்பாக்கி பிடித்த போலீஸ்காரர் கையாலோ ஜீப் சீட்டிலிருந்தோ கூட ஒட்டியிருக்கலாம். இல்லாவிட்டால் சுடவில்லை என்றும் பொருள் இல்லை. உயிரோடு நடமாடுகிற ஆள் கையில் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் இது தங்குவது சிரமம், கை கழுவினால் அதற்கு முன்பே போய்விடும். கைது எத்தனை மணிக்கு, மாதிரி எடுத்தது எத்தனை மணிக்கு என்று பாருங்கள். மறுநாள் எடுத்த மாதிரியில் நிறையக் கிடைத்தது என்றால் நான் எழுந்து நிற்பேன்.

இன்னொன்று. தீபாவளிப் பட்டாசில் பேரியம் இருந்தது (பேரியம் உப்புக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை போட்டது). லாரி பிரேக் தூளில் பேரியமும் ஆன்டிமனியும் வரும். மெக்கானிக் கையில் கிடைத்தால் துகளின் வடிவம், மூன்றும் சேர்ந்திருக்கும் விதம் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாட்டுத் துப்பாக்கியில் ஆலையில் செய்த பிரைமரே இல்லை என்பதால் இந்த மூன்றைத் தேடுவதில் பயன் குறைவு. அங்கே கரிமருந்தின் எச்சத்தைத்தான் தேட வேண்டும். பழைய காலத்தில் கையில் மெழுகு ஊற்றி எடுத்துச் சோதித்தார்கள். சிறுநீர், உரம், புகையிலைக்குக் கூட அது நிறம் மாறியதால் கைவிட்டார்கள். உரம் தொட்ட விவசாயி எல்லாம் சுட்டவன் ஆகிவிடுவான்!

எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதை எப்படிச் சொல்கிறார்கள்? அது ஏன் அவ்வளவு முக்கியம்?

குழாய் வாயிலிருந்து குண்டோடு நெருப்பு, புகை, எரியாத மருந்துத் துகள் மூன்றும் வெளியே வரும். தோலில் அழுத்திச் சுட்டால் குழாய் வாயின் அச்சே பதியும், முடி கருகும். கைத்துப்பாக்கி என்றால் ஏறக்குறைய ஒரு சாண் தூரம் வரை புகைக் கறுப்பு படியும். மருந்துத் துகள் தோலில் குத்திப் பச்சை குத்தினாற்போல் புள்ளி போடுவது இரண்டு மூன்று அடி வரை. அதற்கு அப்பால் குண்டு ஓட்டை மட்டும்தான், பத்தடியா நூறடியா என்று காயம் சொல்லாது. 12 போர் ரவை ஒரு மீட்டருக்குள் ஒரே ஓட்டையாக நுழையும், அதற்கு மேல் சிதறத் தொடங்கும். கரிமருந்து என்றால் புகை மிக அதிகம், சட்டையே பற்றிக்கொள்ளும்.

இந்த அளவுகள் பொது வழிகாட்டிதான். துப்பாக்கிக்குத் துப்பாக்கி, தோட்டாவுக்குத் தோட்டா மாறும். சட்டை போட்டிருந்தால் கறுப்பும் புள்ளியும் சட்டையில் நின்றுவிடும், உடம்பில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் செத்தவர் சட்டை உடம்பளவுக்கு முக்கியம். ரத்தம் படிந்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிப் போட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் போச்சு. நிழலில் உலர்த்தி, ஓட்டை இருக்கும் இடம் மடியாமல், காகிதத்தில் வைத்து அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் ஈயத்துக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் மாறும் ரசாயனம் போட்டுக் கறுப்பின் பரப்பை வெளியே கொண்டுவருவார்கள்.

ஏன் முக்கியம் என்பதற்கு நம் பகுதி ஆள்களுக்கு விளக்கமே வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டது. ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. எதிர்த்துத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துவைத்து அருகிலிருந்து சுட்டார்கள் என்றார்கள் குடும்பத்தார், மறு பிரேதப் பரிசோதனை கேட்டுப் போராடினார்கள். அந்த இரண்டு கதைக்கும் நடுவில் நிற்பது இந்தக் கறுப்பும் புள்ளியும்தான். அதற்கு முந்தைய ஆண்டு, 2014 செப்டம்பரில், என்கவுன்டர் சாவுகள் பற்றி உச்ச நீதிமன்றம் விதித்த நெறிமுறையில், சுட்ட போலீஸ்காரர்கள் தங்கள் துப்பாக்கியையே தடய ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது. இப்படிப்பட்ட சாவில் குடும்பத்தார் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்: அந்தத் துப்பாக்கிகள் ஆய்வகத்துக்குப் போனதா?

குண்டு நுழைந்த காயத்தையும் வெளியேறிய காயத்தையும் பிரிப்பது எப்படி?

நுழைந்த காயம் பொதுவாகச் சிறியது, விளிம்பு உள்நோக்கி, சுற்றிலும் தோல் சிராய்த்த வளையமும் குழாய் அழுக்கு துடைத்த கறுப்பு வளையமும் இருக்கும். வெளியேறிய காயம் பெரிதாக, தாறுமாறாக, வெளிநோக்கிப் பிதுங்கி இருக்கும். மண்டையோட்டில் உள்பக்கம் அகன்றிருந்தால் நுழைந்த இடம். அழுத்திச் சுட்ட காயம் மட்டும் இந்தக் கணக்கை உடைத்துவிடும், நுழைந்த இடமே நட்சத்திரம்போல் பிளந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எடுத்த குண்டை யார் வைத்துக்கொள்வது?

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடந்தாலும் சரி, தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தாலும் சரி, குண்டு போலீஸ் வழியாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய பொருள். நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது.

எடுக்கும் விதம்தான் விஷயம். ஈயம் நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மெத்து. பல்லுள்ள இடுக்கியால் பிடித்து இழுத்தால் துப்பாக்கிக் கோட்டின் மேல் இடுக்கிக் கோடு விழும். விரலாலோ நுனியில் ரப்பர் போட்ட இடுக்கியாலோ எடுத்து, மெல்லக் கழுவி, உலர்த்தி, பஞ்சில் சுற்றிச் சிறு டப்பாவில் வைத்து சீல் போட வேண்டும். அடையாளம் பொறிப்பதை டப்பாவின் மேல் பொறித்தால் போதும். குண்டில்தான் போட வேண்டும் என்றால் அடியிலோ முனையிலோ போடலாம், பக்கத்தில் மட்டும் கூடாது. ரவைக் காயமானால் அறுப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், எத்தனை ரவை உள்ளே இருந்தது என்ற சண்டை பிற்பாடு வராது.

உயிரோடு இருப்பவர் உடம்பில் ஆபத்தான இடத்தில் தங்கிய குண்டை மருத்துவர்கள் எடுக்காமலேயே விடுவதுண்டு. வழக்குக்குச் சான்று வேண்டும் என்று அவரைக் கத்திக்குக் கீழே படுக்க வைக்க முடியாது.

துப்பாக்கியைக் கிணற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் எடுக்கிறார்களே. அதில் ஏதாவது தெரியுமா?

தெரியலாம், அவசரப்படாவிட்டால். கிணற்றில் கிடந்தது தண்ணீரில் இருக்கும்வரை மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். வெளியே காற்றில் எடுத்து வைத்ததும் துரு வேகம் பிடிக்கும். அதனால் அதே கிணற்றுத் தண்ணீரோடு ஒரு டப்பில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதுதான் சரியான முறை. பாலாற்று மணலில் புதைத்ததைத் தோண்டினால் குழாய்க்குள் கம்பியை விட்டு மண்ணை நோண்டக் கூடாது. வாய்ப்பக்கமாகக் கெட்டிக்கிற துப்பாக்கி உள்ளே மருந்தோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் பதிவு) எழுதும் அவசரத்தில் அதைச் சாட்சி பக்கமே நீட்டிப் பிடிப்பவர்கள் உண்டு.

கைப்பற்றிய பொருள் கோர்ட்டுக்கும் ஆய்வகத்துக்கும் எப்படிப் போகிறது? இதில் என்ன கோளாறு நடக்கும்?

சம்பவ இடத்தில் மகஜர் போட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கி, சீல் வைத்து, படிவம் 95இல் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். கோர்ட் கடிதத்தோடு ஆய்வகத்துக்குப் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. இதை அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு.

என் அனுபவத்தில் துப்பாக்கி வழக்குகள் நுண்ணோக்கிக்கு அடியில் தோற்பதில்லை. ஸ்டேஷன் அலமாரியில்தான் தோற்கின்றன. பத்தாம் தேதி பிடித்த துப்பாக்கி கோர்ட்டுக்கு வந்தது இருபத்தெட்டாம் தேதி என்றால் நடுவில் அது எங்கே இருந்தது, யார் பொறுப்பில், சீல் யார் கையில்? காலித் தோட்டாவை மட்டும் முதலில் அனுப்பாமல், துப்பாக்கி கிடைத்த பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் அனுப்பினால், துப்பாக்கி கிடைத்ததும் அதில் ஒன்றைச் சுட்டுக் காலியைச் செருகிவிட்டார்கள் என்று சொல்ல இடமாகும். சில வழக்கில் அது உண்மையாகவும் இருக்கலாம். 1995இல் சுக்வந்த் சிங் வழக்கில், பிடித்த பிஸ்டலையும் காலித் தோட்டாவையும் ஆய்வுக்கே அனுப்பாததை உச்ச நீதிமன்றம் அரசுத் தரப்பின் பெரிய ஓட்டையாகப் பார்த்தது.

ஆய்வகம் நல்லதாக இருந்து என்ன, அங்கே போய்ச் சேர்ந்த பொருள் அதே பொருள்தானா என்று நிரூபிக்காவிட்டால்?

துப்பாக்கியே கிடைக்காவிட்டால் வழக்கு செத்ததா?

இல்லை. டெல்லியில் 1999இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜெசிகா லால் வழக்கில் துப்பாக்கி கடைசிவரை கிடைக்கவில்லை. இரண்டு காலித் தோட்டா இரண்டு வெவ்வேறு துப்பாக்கியில் சுடப்பட்டவை என்ற கருத்தை வைத்துக் கீழ்க் கோர்ட்டில் விடுதலையே வந்தது. மற்ற சாட்சியங்களை வைத்து உயர் நீதிமன்றம் தண்டித்தது, 2010இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 1963 குர்சரண் சிங் வழக்கிலிருந்தே நிலைமை இதுதான்: ஒவ்வொரு வழக்கிலும் துப்பாக்கி நிபுணர் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கண்ணால் பார்த்த சாட்சி நம்பத்தக்கதா என்பதைப் பொறுத்தது.

நிபுணர் அறிக்கையை எதிர்த்து எதுவுமே கேட்க முடியாதா?

தாராளமாகக் கேட்கலாம். பி.என்.எஸ்.எஸ். 329ஆவது பிரிவின்படி சில அரசு நிபுணர்களின் அறிக்கையை அவர் வராமலேயே சான்றாக எடுக்கலாம். ஆனால் அவரைக் கூப்பிட்டு விசாரிக்க மனு போடலாம். போடுங்கள். “ஒத்துப்போகிறது” என்று ஒற்றை வரி எழுதியவரிடம் எந்த இடத்தில், எத்தனை கோடு, ஒத்துப்போகாத கோடு எத்தனை என்று கேட்டால்தான் அறிக்கையின் கனம் தெரியும்.

இந்தத் துறைக்குள்ளேயே சண்டை நடந்துகொண்டிருக்கிறது. எத்தனை கோடு ஒத்தால் போதும் என்பதற்கு எண்ணிக்கை கிடையாது, நிபுணரின் கண்ணும் அனுபவமும்தான் அளவுகோல். அமெரிக்காவில் 2009இல் தேசிய அறிவியல் கழகத்துக் குழுவும், 2016இல் அதிபரின் அறிவியல் ஆலோசகர் குழுவும் இதைக் குறை சொல்லின. 2023இல் மேரிலாந்து உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், “இந்தத் துப்பாக்கிதான்” என்று நிபுணர் அறுதியிட்டுச் சொன்னதை ஏற்கக் கூடாது என்றது. அதற்கும் முன்னால், ஈயத்தின் ரசாயனக் கலவையை வைத்து “இந்தக் குண்டு அந்தப் பெட்டியிலிருந்து வந்தது” என்று பல ஆண்டு சாட்சி சொன்ன எஃப்.பி.ஐ., 2005இல் அந்தச் சோதனையையே நிறுத்திவிட்டது.

இதனால் எல்லாம் பொய் என்று ஆகிவிடாது. நல்ல துப்பாக்கி, நசுங்காத குண்டு, தெளிவான படம் இருந்தால் நானே கட்சிக்காரரிடம் இதில் வாதாடிப் பயனில்லை என்று சொல்லிவிடுவேன். ஆனாலும் அந்த அறிக்கை துப்பாக்கியைத்தான் காட்டும். விசையை இழுத்த விரல் யாருடையது என்பதை வேறு சாட்சிதான் சொல்ல வேண்டும்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி, துருப்பிடித்துப் பரணில் கிடந்தது. அதற்குமா வழக்கு?

உரிமம் இல்லாவிட்டால் வழக்கு வரும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவு உரிமத்தைக் கட்டாயமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 25(1பி) பிரிவில் இதற்குக் குறைந்தது இரண்டாண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. இங்கே ஆய்வக அறிக்கை உயிர்நாடி: இது சுடக்கூடியதா, சின்னப் பழுது பார்த்தால் சுடுமா, வெறும் இரும்புக் குழாயா? அப்புறம், 39ஆவது பிரிவின்படி கலெக்டரின் முன் அனுமதி இல்லாமல் 3ஆவது பிரிவுக் குற்றத்துக்கு வழக்கு நடத்த முடியாது. அந்த அனுமதி உத்தரவு எந்தத் தேதியில் வந்தது, ஆய்வக அறிக்கையைப் பார்த்த பிறகா என்று சரிபாருங்கள்.

மலை ஊர்களில் போலீஸ் அவ்வப்போது நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி அறிவிக்கும். அப்படி ஒரு அறிவிப்பு வரும்போது ஊர்ப் பெரியவர்கள் வழியாகக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். காட்டுப்பன்றி கேழ்வரகை அழிக்கிறது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது, கோர்ட்டில் அது எடுபடாது.

சிகிச்சைக்கு வந்த வடநாட்டுக்காரர் பையில் ஒரே ஒரு தோட்டா இருந்தது. துப்பாக்கி இல்லை. குற்றமா?

தோட்டாவும் ஆயுதச் சட்டத்துக்குள் வரும். ஆனால் அது தன்னிடம் இருப்பது தெரிந்து வைத்திருந்தாரா என்பது கேள்வி. 1972 குன்வந்த்லால் வழக்கு முதல் நீதிமன்றங்கள் இதைத்தான் பார்க்கின்றன. ஊரில் உரிமம் உள்ள அண்ணனின் பையை எடுத்து வந்தவருக்கு அந்த உரிமத்தின் நகல்தான் முதல் மருந்து. தோட்டா உயிருள்ளதா என்று ஆய்வகம் ஒன்றைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்லும், ஒன்றே ஒன்று இருந்தால் சோதனையில் அது தீர்ந்துபோகும்.

பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் இதே பிரிவுக்குத்தான் போகுமா?

போகாது. அது வெடிபொருள் வழக்கு, சட்டம் வேறு, ஆய்வு வேறு, தண்டனையும் கனம். பசு மாடும் யானையும் வாய் கிழிந்து சாவதைப் பார்த்தவர்களுக்கு இதில் இரக்கம் வராது.

ஆற்காடு பக்கம் நிலத்தில் உழும்போது ஈய உருண்டை கிடைத்தது. போலீசுக்குச் சொல்ல வேண்டுமா?

வெள்ளைப் பொருக்கு பூத்த ஈய உருண்டை என்றால் பழைய மஸ்கட் குண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 1749இல் ஆம்பூரில் போர், 1751இல் ஐம்பது நாள் ஆற்காடு முற்றுகை, 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டைப் புரட்சி என்று இந்த மண்ணில் சுட்டதற்குக் குறைவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலேய மஸ்கட்டின் குழாய் ஏறக்குறைய முக்கால் அங்குலம், குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது. விட்டத்தை அளந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிடுங்கள், பழம்பொருளானால் தாசில்தார் வழியாக அருங்காட்சியகத்துக்குப் போகும். பெரிய இரும்புக் குண்டு கிடைத்தால் மட்டும் தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள். சில குண்டு உள்ளே மருந்து வைத்தது.

அறிக்கையின் நகல் எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். குற்றப் பத்திரிகையோடு அரசுத் தரப்பு நம்பும் ஆவணங்கள் எல்லாவற்றையும் எதிரிக்கு இலவசமாகத் தர வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 230ஆவது பிரிவு அதற்கு 14 நாள் கெடு வைத்திருக்கிறது. ஆய்வக அறிக்கை பிற்பாடு வந்தால் கூடுதல் குற்றப் பத்திரிகையோடு வரும். வாங்கும்போது அறிக்கையோடு நிறுத்தாமல் படிவம் 95, கோர்ட்டின் அனுப்புகைக் கடிதம், ஆய்வகத்தின் பெறுகைக் குறிப்பு மூன்றின் நகலுக்கும் மனு எழுதிக் கொடுங்கள். நிபுணரைக் கூண்டில் ஏற்றும் நாளில் அறிக்கையைவிட அந்த மூன்று தாள்தான் கையில் இருக்க வேண்டும்.